எந்த பைட்டில் நின்றது?

விஎம்வேரின் விஸ்ஃபியர் மேலாண்மைப் பக்கத்தில் பெரிய மெய்நிகர் வட்டுக் கோப்பொன்றைப் பதிவேற்ற முயல்பவர்கள் பலரும் ஒரே பிழைச்செய்தியில் வந்து முட்டிக்கொள்கிறார்கள். செயல்பாடு இன்ன காரணமென்று தெரியாமல் தோல்வியடைந்தது என்று அது தொடங்கும். பிரவுசர் நம்பாத சான்றிதழ்களால் இப்படி நேர்வது வழக்கம் என்று அடுத்த வரி சொல்லும். முதல் வரியைப் படித்ததுமே கை மறுபடியும் 'அப்லோட்' பொத்தானுக்குப் போய்விடுகிறது. கோப்பு 200 ஜிபி இருப்பதால் கோளாறு அதன் அளவில்தான் இருக்கும் என்ற ஊகமும் கூடவே எழுகிறது. அளவுக்கும் இந்தத் தோல்விக்கும் தொடர்பே கிடையாது. 2 கேபி உரைக்கோப்பை அனுப்பினாலும் இதே இடத்தில்தான் நிற்கும்.

வட்டுக் கோப்பு ஏறாமல் நின்றால் சொல்லப்படும் வைத்தியங்கள் ஏராளம்: பிரவுசரை மாற்று, ஃபயர்வாலை அணை, சர்வரை மறுபடி துவக்கு. சில நேரம் பலிக்கவும் செய்யும். ஆனால் எது எப்போது பலிக்கும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டுமானால் இரண்டு எண்கள் தேவை. நின்றபோது எத்தனை பைட் போய்ச் சேர்ந்திருந்தது? எத்தனை நிமிடம் ஓடியிருந்தது? பிழைச்செய்தியை எழுதியவர் எல்லாச் சூழலையும் நினைத்துப் பார்த்து எழுதியிருக்க முடியாது. இந்த இரு எண்களோ கோளாறு நடந்த இடத்திலிருந்தே வருகின்றன. ஆகவே செய்தியைவிட இவற்றை அதிகம் நம்பலாம்.

பயனரின் கணினியிலிருந்து சேமிப்பகம் சேர்வதற்குள் ஒரு வட்டுக் கோப்பு பிரவுசர், ப்ராக்ஸி, லோடு பேலன்சர், இணைய சர்வர், ஹைப்பர்வைசர், ஸ்விட்சுகள், கோப்பு முறைமை என்று பல கைகள் மாறுகிறது. ஒவ்வொரு கையிலும் ஒரு வரம்பு இருக்கிறது. அந்த வரம்புகளில் பல, விண்ணப்பப் படிவமும் புகைப்படமும் அனுப்புகிற இணையதளங்களை மனத்தில் வைத்து விதிக்கப்பட்டவை. 500 ஜிபி வட்டு அந்த வழியாக வரும் என்று விதித்தவர் யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

தொடங்கிய கணத்திலேயே, ஒரு பைட்கூடச் சேராமல் தோற்பதை முதலில் பார்க்கலாம். மேலே சொன்ன விஸ்ஃபியர் செய்தி இந்த வகை. பயனர் திறந்து வைத்திருக்கும் பக்கம் விசென்டர் சர்வரிலிருந்து வருகிறது. கோப்போ விசென்டர் வழியாகப் போவதில்லை. பிரவுசர் அதை நேராக, மெய்நிகர்க் கணினிகளை இயக்கும் ஈஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்ட்டுக்கு, 443ஆம் போர்ட்டில், தனி இணைப்பாக அனுப்புகிறது. விஸ்ஃபியர் 6.0 முதல் ஹோஸ்ட்டுகளின் சான்றிதழ்களில் கையெழுத்திடுவது விசென்டருக்குள்ளேயே இருக்கும் சான்றளிப்பகம். பயனரின் பிரவுசருக்கு அது யாரென்று தெரியாது. விசென்டர் பக்கத்தைத் திறக்கும்போது எச்சரிக்கை வந்தது, பயனர் 'பரவாயில்லை, தொடர்' என்று அழுத்திவிட்டார். ஆனால் அந்த ஒப்புதல் விசென்டரின் முகவரிக்கு மட்டுமே பொருந்தும். பின்னணியில் ஹோஸ்ட்டுக்குப் போகும் கோரிக்கைக்கு எச்சரிக்கைப் பக்கம் காட்டப் பிரவுசருக்கு இடமே இல்லை. சத்தமில்லாமல் மறுத்துவிடுகிறது. பக்கத்தில் ஓடும் நிரலுக்குக் கிடைப்பதெல்லாம் 'இணைப்பு தோற்றது' என்ற ஒற்றைத் தகவல்தான். காரணம் தெரியவில்லை என்று செய்தி சொல்வது முழு உண்மை.

தீர்வு இரண்டு வகை. விசென்டரின் முகப்புப் பக்கத்திலேயே மூலச் சான்றிதழ்களைத் தரவிறக்கும் இணைப்பு இருக்கிறது. அவற்றைக் கணினியில் நம்பகமான மூலமாக நிறுவுவது முறையான வழி. அந்த ஹோஸ்ட்டின் முகவரியைத் தனித் தாவலில் திறந்து எச்சரிக்கையை ஏற்றுக்கொள்வது அவசரத்துக்கான வழி. இரண்டும் செய்த பிறகும் நின்றால், பயனரின் கணினியிலிருந்து அந்த ஹோஸ்ட்டின் பெயரை டிஎன்எஸ் தேடித் தருகிறதா, 443 திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாதுகாப்புக்காக வலைப்பின்னலைப் பிரித்து வைத்த நிறுவனங்களில் ஊழியரின் மேசைக்கணினி விசென்டரைத் தொடலாம், ஹோஸ்ட்டுகளைத் தொட முடியாது. அங்கே நிர்வாகப் பகுதிக்குள் இருக்கும் ஒரு கணினியில் உள்நுழைந்து அங்கிருந்து பதிவேற்றுவதே சரி.

விஎம்வேருக்கு மட்டுமான குறை அல்ல இது. ஓவிர்ட் என்ற மேலாண்மைக் கருவியிலும் இதே வடிவமைப்பு, இதே நோய். வட்டுப் பதிவேற்றம் தொடங்கியதும் 'பாஸ்டு பை சிஸ்டம்' என்ற நிலையில் போய் நிற்கும். மூலச் சான்றிதழ் பிரவுசரில் இல்லாதது, அல்லது இமேஜ்-ஐஓ சேவையின் 54322, 54323 போர்ட்டுகள் அடைபட்டிருப்பது, பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று. ஓவிர்ட்டை எழுதியவர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள்: பதிவேற்றப் பெட்டியிலேயே இணைப்பைச் சோதிக்க ஒரு பொத்தான் வைத்தார்கள். ஒவ்வொரு மேலாண்மைக் கருவியிலும் இருக்க வேண்டிய பொத்தான் அது.

அனுமதிக் கோளாறுகளும் முதல் கணத்திலேயே தெரிந்துவிடும். என்எஃப்எஸ் பகிர்வில் ரூட் பயனரின் அதிகாரத்தைப் பறிக்கும் 'ரூட் ஸ்குவாஷ்' இயல்பாகவே இயங்கும். ஈஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்ட் ரூட்டாகத்தான் எழுதும் என்பதால், அந்தப் பகிர்வில் படிக்க முடியும், எழுத முடியாது.

இனி, குறிப்பிட்ட பைட்டில் நிற்பவை. நின்றபோது சேர்ந்திருந்த அளவு 4,294,967,295 பைட் என்றால் மேற்கொண்டு துப்பறிய வேண்டியதில்லை. 32 பிட்டில் எழுதக்கூடிய ஆகப் பெரிய எண் அது. பாதையில் எங்கோ ஒரு ஃபேட்32 வட்டு இருக்கிறது; பெரும்பாலும் யாரோ இடையில் பயன்படுத்திய யுஎஸ்பி டிரைவ். 2,147,483,647இல் நின்றால், கோப்பின் இருப்பிடத்தைக் குறியுள்ள 32 பிட் எண்ணாக வைத்திருக்கும் பழைய நிரலொன்று இடையில் இருக்கிறது. 8 ஜிபியைத் தாண்டும்போது ஓவிஏ தொகுப்பில் சிக்கல் வந்தால் அதற்கும் பிறப்பிடம் தெரியும்: ஓவிஏ என்பது உள்ளுக்குள் ஒரு டார் கோப்பு, அந்தப் பழைய யூஸ்டார் வடிவத்தின் தலைப்பில் கோப்பளவை எழுத 11 எண்ம இலக்கங்களுக்கே இடமுண்டு, அதில் 8 ஜிபிக்கு மேல் எழுத முடியாது.

சேமிப்பகக் கோப்பு முறைமைகளின் வரம்புகள் இதைவிடப் பெரியவை. விஎம்வேரின் கோப்பு முறைமையான விஎம்எஃப்எஸ்-3இன் நாட்களில், டேட்டாஸ்டோர் என்ற சேமிப்புப் பரப்பை உருவாக்கும்போது தேர்ந்த பிளாக் அளவே வட்டின் உச்ச அளவைத் தீர்மானித்தது: 1 எம்பி பிளாக் என்றால் 256 ஜிபி, 8 எம்பி என்றால் 2 டிபி. அதை நினைவில் வைக்காமல் 1 எம்பி என்று உருவாக்கியவர்கள், 300 ஜிபி வட்டு வந்த நாளில் டேட்டாஸ்டோரையே காலி செய்து மறுபடி உருவாக்க வேண்டியிருந்தது. 2011இல் வந்த விஎம்எஃப்எஸ்-5 இந்தத் தேர்வை ஒழித்தது. 2013இன் விஸ்ஃபியர் 5.5 உச்சவரம்பை 62 டிபிக்கு உயர்த்தியது. மைக்ரோசாஃப்ட் பக்கம் விஎச்டி வடிவத்தின் வரம்பு 2040 ஜிபி. 2012இல் வந்த விஎச்டிஎக்ஸ் 64 டிபி வரை போகும்.

விஎம்வேரின் விஎஸ்ஏஎன் சேமிப்பகம் தனிக் கதை. அதில் டேட்டாஸ்டோர் பல டெராபைட் காலியாக இருப்பதாகத் திரை காட்டும், ஆனாலும் அடைவுக்குள் கோப்பு ஏறாது. ஒவ்வொரு அடைவும் இயல்பாக 255 ஜிபி அளவுள்ள தனிப் பொருளாக உள்ளே அமைக்கப்படுகிறது. அதில் போடும் சாதாரணக் கோப்புகள் எல்லாம் அந்த 255 ஜிபிக்குள் அடங்க வேண்டும். விஎம்வேரின் விஎம்டிகே வடிவ வட்டைப் பதிவேற்றுவதென்றாலோ, ஸ்ட்ரீம்-ஆப்டிமைஸ்டு என்ற சுருக்கிய வடிவத்தில் இருந்தால்தான் ஏற்கும். காலி இடத்தைப் பார்த்து மட்டும் முடிவுசெய்பவர் இங்கே நாள் கணக்கில் சுற்றி வரக்கூடும்.

இணைய சர்வர்களின் வரம்புகள் நேர்மாறாக மிகச் சிறியவை, அதனால் சீக்கிரமே பிடிபடுபவை. என்ஜின்எக்ஸ் இயல்பாக 1 எம்பிக்கு மேல் ஏற்காது, 413 என்று பதில் தரும். பிஎச்பி 2 எம்பி. ஐஐஎஸ் 3 கோடி பைட். அதை எவ்வளவு உயர்த்தினாலும் அந்த எண் 32 பிட் என்பதால் 4 ஜிபிக்கு மேல் போகாது. கிளவுட்ஃபிளேரின் இலவசத் திட்டத்துக்குப் பின்னால் இருக்கும் தளத்துக்கு ஒரு கோரிக்கையில் 100 எம்பி மட்டுமே அனுப்ப முடியும்.

பைட்டைவிட நிமிடம் பேசும் வழக்குகள் கடினமானவை. ஓப்பன்ஸ்டாக்கில் கீஸ்டோன் சேவை தரும் டோக்கன் இயல்பாக 3600 விநாடி செல்லும். 100 மெகாபிட் இணைப்பில் ஒரு விநாடிக்கு அதிகபட்சம் 12.5 எம்பி, ஒரு மணி நேரத்தில் 45 ஜிபி. ஆகவே 40 ஜிபி வட்டு ஏறிவிடும், 60 ஜிபி வட்டு ஏறாது. பார்ப்பவருக்கு இது அளவு வரம்பு போலவே தோன்றும். தோல்வியும் 45ஆவது ஜிபியில் வருவதில்லை. முழு வட்டும் வந்து சேர்ந்தபின், வட்டு தயார் என்று குறிக்க க்ளான்ஸ் சேவை முயலும்போது டோக்கன் காலாவதியாகியிருக்கும். அதனால்தான் பல மணி நேரம் ஓடியபின் 401 வருகிறது. க்ளான்ஸின் பிந்தைய பதிப்புகளில் பயனரின் சார்பில் டோக்கனைப் புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. பழைய நிறுவல்களில் காலத்தை நீட்டுவதுதான் வழி.

பைட்டா நிமிடமா என்ற ஐயத்தைத் தீர்க்க எளிய சோதனை உண்டு. அதே கோப்பை வேறு வேகத்தில் அனுப்பிப் பார்ப்பது. வேகம் மாறியபின்னும் அதே பைட்டில் நின்றால் அளவு வரம்பு. பைட் மாறி நிமிடம் மாறாமலிருந்தால் நேர வரம்பு. இரண்டும் மாறினால் வலைப்பின்னலையோ இடப்பற்றாக்குறையையோ சந்தேகிக்க வேண்டும். உண்மைக் கோப்பை வைத்து இதைச் செய்ய வேண்டியதில்லை, பூச்சியங்களால் நிரப்பிய போலிக் கோப்பு போதும். பதிவுக்கோப்புகளைத் துழாவுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துவிட்டால், எந்தச் சேவையின் பதிவைப் படிக்க வேண்டும் என்பதே தெரிந்துவிடும்.

நேர வரம்புகளில் இன்னொரு வகை 100 சதவீதத்தில் தோற்பது. முன்னேற்றப் பட்டை நிரம்பிவிட்டது, பிறகு 504. கடைசி பைட் போனதும் சர்வர் சும்மா இருப்பதில்லை. தற்காலிக இடத்தில் சேர்த்ததைச் சேமிப்பகத்துக்கு நகலெடுக்கிறது, அல்லது வடிவம் மாற்றுகிறது. அந்த நேரத்தில் இணைப்பில் எதுவும் ஓடாது. நடுவிலிருக்கும் என்ஜின்எக்ஸ் இயல்பாக 60 விநாடிதான் பதிலுக்குக் காத்திருக்கும். அஸூர் லோடு பேலன்சர் 4 நிமிடம் அமைதியாக இருக்கும் இணைப்பைத் துண்டிக்கும். கொடுமை என்னவென்றால், பல நேரம் சர்வர் தன் வேலையைச் சரியாக முடித்துவிடுகிறது. பயனருக்குத்தான் தோல்வி என்று சொல்லப்படுகிறது. மறுமுறை அனுப்புமுன் சேமிப்பகத்தைத் திறந்து கோப்பு அங்கே முழுசாக இருக்கிறதா என்று பார்ப்பது பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

தற்காலிக இடம் என்றவுடன் ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற மெய்நிகராக்கத் தளத்தைச் சொல்லாமல் போக முடியாது. அதன் இணையப் பக்கத்தில் பயனர் தேர்வது பல டெராபைட் காலியுள்ள என்எஃப்எஸ் சேமிப்பகம். ஆனால் கோப்பு முதலில் வந்து விழுவது அந்த முனையின் 'வார்' அடைவுக்குள் இருக்கும் 'டெம்ப்' அடைவில், அதாவது பெரும்பாலும் ரூட் பகிர்வில். அங்கே 30 ஜிபிதான் காலி என்றால் 30 ஜிபியில் நின்றுவிடும். ரூட் பகிர்வு நிரம்பியதால் அந்த முனையின் மற்றச் சேவைகளும் தடுமாறத் தொடங்கும். இணையப் பக்கத்தைத் தவிர்த்து எஸ்எஸ்எச் வழியே நேராகச் சேமிப்பக அடைவுக்கு அனுப்பினால் இந்த இடைநிறுத்தமே இல்லை. ஈஎஸ்எக்ஸ்ஐயில் இதற்கு இணையான தவறு, கோப்பை டேட்டாஸ்டோரின் பாதைக்கு அனுப்பாமல் 'டெம்ப்' அடைவுக்கு அனுப்புவது. அங்கே அந்த அடைவு வட்டில் இல்லை, நினைவகத்தில் ஒதுக்கிய சிறு பரப்பில் இருக்கிறது.

ஒழுங்கே இல்லாமல், ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நிற்பவை வலைப்பின்னலின் வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம். அதில் தனித்து அடையாளம் காட்டுவது எம்டியூ பொருந்தாமை. சேமிப்பக வலைப்பின்னலை வேகப்படுத்த ஜம்போ ஃபிரேம் என்று 9000 பைட் பாக்கெட்டுகளை இயக்குவது வழக்கம். ஹோஸ்ட்டிலும் சேமிப்பகத்திலும் 9000 என்று வைத்துவிட்டு, நடுவிலிருக்கும் ஒரு ஸ்விட்ச்சை 1500இல் விட்டால் என்ன ஆகும்? உள்நுழையலாம், அடைவைப் பட்டியலிடலாம், சிறு கோப்பு போகும், ஏனென்றால் அவை எல்லாம் சிறு பாக்கெட்டுகள். பெரிய கோப்பின் தரவு ஓடத் தொடங்கியதும் அப்படியே உறைந்துவிடும். ஈஎஸ்எக்ஸ்ஐயில் இதைச் சோதிக்கத் தனிப் பிங் கட்டளை இருக்கிறது. துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு 8972 பைட் அனுப்ப வேண்டும். தலைப்புகளுக்கான 28 பைட்டைக் கழித்த அளவு அது. 9000 என்றே அனுப்பிவிட்டு, தோற்றதும் வலைப்பின்னலைக் குறை சொல்பவர்கள் இந்தக் கழித்தலை மறந்தவர்கள்.

எல்லாம் முடிந்து பச்சைக் குறியும் வந்தபின் மெய்நிகர்க் கணினி எழ மறுப்பதும் தோற்ற பதிவேற்றமே. முதல் காரணம் வடிவம். விஎம்வேர் வொர்க்ஸ்டேஷனில் உருவான விஎம்டிகேவும் ஈஎஸ்எக்ஸ்ஐ எதிர்பார்க்கும் விஎம்டிகேவும் பெயரில்தான் ஒன்று. அப்படியே ஏற்றினால், ஏற்காத வட்டு வகை என்று சொல்லி, முதலில் இறக்குமதி செய்ய மறந்துவிட்டீர்களா என்று கேட்கும். விஎம்கேஎஃப்எஸ்டூல்ஸ் கட்டளையால் நகலெடுத்து மாற்றினால் தீரும். ஈஎஸ்எக்ஸ்ஐயின் வட்டு இரண்டு கோப்புகளால் ஆனது: வட்டை விவரிக்கும் சில நூறு பைட் உரைக்கோப்பு ஒன்று, தரவு முழுவதும் இருக்கும் 'ஃபிளாட்' கோப்பு ஒன்று. டேட்டாஸ்டோர் பக்கம் இரண்டையும் சேர்த்து ஒன்றாகக் காட்டுவதால், சிறியதை விட்டுவிட்டுப் பெரியதை மட்டும் எடுத்துச் செல்பவர்கள் உண்டு. உரைக்கோப்பை மீண்டும் உருவாக்க முடியும். அதே அளவில் புது வட்டு ஒன்றை உருவாக்கி, அதன் விவரக்கோப்பைப் பழைய தரவுக்குச் சேர்த்தால் போதும். அஸூரின் கட்டுப்பாடு வேறு: நிலையான அளவுள்ள விஎச்டி மட்டுமே ஏற்கும், அளவு 1 எம்பியின் முழு மடங்காக இருக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் தரவுச் சிதைவு. கிரெய்க் பார்ட்ரிட்ஜும் ஜொனாதன் ஸ்டோனும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இன்னும் கவனிக்கத்தக்கது. இணையத்தில் ஓடிய பாக்கெட்டுகளில் 1,100க்கு ஒன்று முதல் 32,000க்கு ஒன்று வரை டிசிபி செக்சம்மில் தோற்பதை அவர்கள் பதிவுசெய்தார்கள். செக்சம்மின் கண்ணிலும் படாமல் தப்பும் சிதைவு 1.6 கோடி பாக்கெட்டுக்கு ஒன்று முதல் 1,000 கோடிக்கு ஒன்று வரை இருக்கலாம் என்பது அவர்களின் கணிப்பு. 500 ஜிபி வட்டு சாதாரண வலைப்பின்னலில் 34 கோடிக்கும் மேற்பட்ட பாக்கெட்டுகளாகப் போகிறது. எச்டிடிபிஎஸ், எஸ்எஸ்எச் வழியே அனுப்பும்போது குறியாக்கத்தோடு சேர்ந்த சரிபார்ப்பு சிதைவைப் பிடித்துவிடும், இணைப்பு அறுந்துபோகும். எஸ்எஸ்எச்சில் 'கரப்டட் மேக் ஆன் இன்புட்' என்ற செய்தியோடு திரும்பத் திரும்ப அறுந்தால் நெட்வொர்க் கார்டையும் அதன் டிரைவரையும் சோதிக்க வேண்டும். பாதுகாப்பு அமைக்காத என்எஃப்எஸ்ஸிலோ எஃப்டிபியிலோ அந்தப் பிடி இல்லை. எந்த வழியில் அனுப்பினாலும் இரு முனைகளிலும் எஸ்எச்ஏ-256 கணக்கிட்டு ஒப்பிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் தரவுத்தளம் உள்ள வட்டுக்கு அந்தச் சில நிமிடங்கள் அதிகமே இல்லை.

தோல்வியைக் கண்டுபிடிப்பதைவிட, தோற்க வாய்ப்பளிக்காமல் அனுப்புவது பற்றி நிர்வாகிகள் குறைவாகவே யோசிக்கிறார்கள். 500 ஜிபி என்று அறிவிக்கப்பட்ட வட்டில் உண்மையில் 40 ஜிபி மட்டும் எழுதப்பட்டிருக்கலாம். மிச்சமெல்லாம் பூச்சியம். மெல்லிய வட்டாக டேட்டாஸ்டோரில் இருந்தது, பிரவுசர் வழியாகத் தரவிறக்கும்போது முழு 500 ஜிபியாக உப்பிவிடும். ஏற்றும்போது அத்தனை பூச்சியங்களும் பயணம் செய்யும். கியூஎமு-இமேஜ் கருவியால் கியூகவ்2 ஆக மாற்றினால் பூச்சியப் பகுதிகள் கழிந்துபோகும். அழித்த கோப்புகளின் எச்சம் வட்டுக்குள் நிறைய இருந்தால் விர்ட்-ஸ்பார்சிஃபை கருவி அதையும் சுருக்கும். 100 மெகாபிட் இணைப்பில் 500 ஜிபிக்கு 11 மணி நேரத்துக்கு மேல் ஆகும்; 40 ஜிபிக்கு ஒரு மணி நேரத்துக்குள். மேலே சொன்ன ஒரு மணி நேர டோக்கன் பிரச்சினைகூட இதிலேயே மறைந்துவிடுகிறது.

அடுத்தது, அறுந்த இடத்திலிருந்து தொடரும் வசதி. பல மேலாண்மைப் பக்கங்களின் பதிவேற்றத்தில் அது இல்லை; 99 சதவீதத்தில் அறுந்தாலும் முதலிலிருந்துதான். 1996இல் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெலும் பால் மெக்கெராஸும் உருவாக்கிய ஆர்சிங்க் இன்றும் இந்த வேலைக்கு முதல் தேர்வு. ஆனால் அது இயல்பாக, இணைப்பு அறுந்ததும் பாதிக் கோப்பை அழித்துவிடும். 'பார்ஷியல்' என்ற குறியைக் கொடுக்க வேண்டும். விண்டோஸில் ரோபோகாப்பியின் 'இசட்' குறி இதையே செய்கிறது, வேகம் குறையும் என்ற விலையோடு. ஈஎஸ்எக்ஸ்ஐக்குள் ஆர்சிங்க் கிடையாது. அதற்கு நடைமுறையில் உறுதியான வழி, லினக்ஸ் என்எஃப்எஸ் சர்வர் ஒன்றுக்கு ஆர்சிங்கால் அனுப்பி, சரிபார்த்து, அந்தப் பகிர்வை ஹோஸ்ட்டில் டேட்டாஸ்டோராக இணைத்து, அங்கிருந்து விஎம்கேஎஃப்எஸ்டூல்ஸால் இறுதிச் சேமிப்பகத்துக்கு மெல்லிய வட்டாக நகலெடுப்பது. சுற்றுவழி போலத் தெரிந்தாலும், ஒவ்வொரு கட்டமும் தனியே சோதிக்கக்கூடியது. எங்கே அறுந்தாலும் அந்தக் கட்டத்தை மட்டும் திரும்பச் செய்தால் போதும்.

அமேசான் எஸ்3 போன்ற பொருள் சேமிப்பகங்கள் கோப்பைத் துண்டு துண்டாக ஏற்கின்றன. ஒரே கோரிக்கையில் 5 ஜிபிதான். அதற்கு மேல் பல துண்டுகள், அதிகபட்சம் 10,000. துண்டுக்கு 8 எம்பி என்று சொந்தமாக நிரல் எழுதியவர் ஏறக்குறைய 80 ஜிபியில் நிற்பார், காரணம் இந்தப் பெருக்கல்தான்.

தோற்ற ஒவ்வொரு முயற்சியும் எச்சம் விடுகிறது. எஸ்3இல் முடிவடையாத பதிவேற்றத்தின் துண்டுகள் சாதாரணப் பட்டியலில் தெரியாது, ஆனால் நீக்கும்வரை கட்டணம் ஓடும். சில நாட்களில் தானே நீக்கும் விதியை அமைத்துவிட வேண்டும். ப்ராக்ஸ்மாக்ஸின் தற்காலிக அடைவில் அறுந்த கோப்பு கிடந்தால் அடுத்த முயற்சி முன்னதைவிட முன்னாலேயே நிற்கும். நின்ற பைட் ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். விஎம்எஃப்எஸ் டேட்டாஸ்டோரிலோ பாதி எழுதிய ஃபிளாட் கோப்பின் மேல் ஏதோ ஒரு ஹோஸ்ட் பூட்டு வைத்திருக்கலாம். அந்தப் பெயரில் எழுத முடியாது, அழிக்கவும் முடியாது. விஎம்கேஎஃப்எஸ்டூல்ஸின் பெரிய 'டி' குறி, பூட்டை வைத்திருக்கும் ஹோஸ்ட்டின் நெட்வொர்க் கார்டு முகவரியைக் காட்டும். அந்த ஹோஸ்ட்டில் கோப்பைப் பிடித்திருக்கும் வேலையை நிறுத்தி, எச்சத்தை அழித்துவிட்டு, காலி இடத்தை மறுபடி எண்ணிப் பார்த்தபின்தான் அடுத்த பதிவேற்றத்தைத் தொடங்க வேண்டும்.